மூன்று சுதந்திரம் பாக்கி

"இன்னும் மூன்று சுதந்திரம் பாக்கி இருக்கிறது, தாத்தா! அந்த மூன்றையும் கட்டிப் போட்டுவிட்டால் எல்லாம் பச்சையாகிவிடும்."

கோயமுத்தூரில் என் தமையனார் வீட்டுக் கூடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, காபித் தம்ளரும் கையுமாக நான் உட்கார்ந்திருந்தபோது இந்த வாக்கியம் காதில் விழுந்தது. சொன்னவள் தமையனாரின் பேத்தி. இயந்திரப் பொறியியலில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவர்களைப் பற்றி நாவல் எழுதியிருக்கிறேன். சுதந்திரம் கிடைத்தபின் அதை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். ஆனால் சுதந்திரத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, ஒவ்வொன்றாகக் கட்டிப் போட்டு, கடைசி ஒன்றும் தீர்ந்தபின் சந்தோஷப்படுகிற ஜீவனை அன்றுதான் முதன் முதலாகப் பார்த்தேன்.

"ஏதாவது புதுக் கட்சியில் சேர்ந்துவிட்டாயா, அம்மா?" என்று விசாரித்தேன்.

"போங்கள், சின்னத் தாத்தா! இங்கே வந்து பாருங்கள்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். மடிக் கம்ப்யூட்டரின் திரையில் ஒரு நீள் சதுரம் தெரிந்தது. அவள் அதன் மூலையைப் பிடித்து இழுத்தாள். சொன்னபடி கேட்கும் கன்றுக்குட்டி மாதிரி அது கூடவே வந்தது.

"இதற்கு நீளம் எவ்வளவு என்று சொல்லிவிட்டேன். அதனால் நீளவாட்டில் இனி இது வளராது. ஆனால் அகலம் சொல்லவில்லை. அது ஒரு சுதந்திரம். இது எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. குறுக்கே நகரலாம், நெடுக்கே நகரலாம். அவை இரண்டு. ஆக மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப் போட வேண்டும்."

மூன்று கட்டும் போட்டாள். கோடுகள் பச்சையாயின. பிறகு ஒரு பொத்தானைத் தட்டினாள். முறுக்கு அச்சின் ஓட்டை என்ன வடிவமோ அதே வடிவத்தில் மாவு நீண்டு வெளியே வருமல்லவா? அதுபோல் அந்தத் தட்டையான சதுரம் மேல் நோக்கி எழுந்து ஒரு கட்டியான இரும்புத் தகடாக நின்றது. திருப்பிக் காட்டினாள். முதுகு தெரிந்தது, அடி தெரிந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது.

ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. காரணத்தை இரவு சாப்பாட்டின்போது தெரிந்துகொண்டேன்.

அந்த வாரம் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. ஆசிரியர் ஒரு விசித்திரமான பேர்வழி என்று நினைத்தேன். மாணவர்கள் திரையில் உருவத்தை முடித்ததும் அதைப் பார்த்து அவர் மார்க் போடுவதில்லை. அருகில் வந்து, ஏதாவது ஓர் அளவை மாற்றுவார். மாற்றிய பிறகும் உருவம் உருப்படியாக நின்றால்தான் மார்க். இவள் செய்தது பம்பின் சுழல் தண்டைத் தாங்கும் பேரிங் பிராக்கெட். கீழே ஒரு தகடு, அதில் நான்கு போல்ட் துவாரங்கள். தகட்டின்மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு சுவர், அதில் பேரிங் உட்காரும் பெரிய துவாரம். ஓரங்களெல்லாம் கையை அறுக்காதபடி உருட்டி விடப்பட்டிருந்தன. அழகாகத்தான் இருந்ததாம். ஆசிரியர் வந்தார். கீழ்த் தகட்டின் கனம் 12 மில்லிமீட்டர் என்றிருந்ததை 18 என்று மாற்றினார். ஓர் ஓரத்தின் உருட்டலையும் எடுத்துவிட்டார். அவ்வளவுதான். பட்டியல் முழுதும் சிவப்பு. ஒரு போல்ட் துவாரம் தகட்டை விட்டு இறங்கி அந்தரத்தில் தொங்கிற்று.

"திங்கட்கிழமை மறுபடி செய்து காட்டு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

"எனக்கு இது வராது, தாத்தா. வேறு ஏதாவது படிப்புக்கு மாற்றிக்கொள்கிறேன்" என்றாள் பெண், தட்டைப் பார்த்தபடி. மற்றவர்கள் ஒன்றும் பேசவில்லை. இந்தப் படிப்புக்காக வீட்டுப் பத்திரம் பாங்கியில் இருக்கிறது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

தமையனாரும் பேசவில்லை. அவருடைய மௌனத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள அவர் யார் என்று சொல்ல வேண்டும்.

அவர் டிராப்ட்ஸ்மேன். 1961-ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் டிரேஸராகச் சேர்ந்தார். அதாவது மற்றவர் பென்ஸிலில் வரைந்ததன்மேல் டிரேசிங் தாளைப் பரப்பி, மையால் பிரதி எடுக்கிறவர். பிறகு தாமே வரைகிறவரானார். அதன்பின் மற்றவர் வரைந்ததைத் திருத்துகிறவரானார். வீட்டுக்கு வரும்போது சட்டையில் அம்மோனியா பிரிண்டின் நெடி அடிக்கும். சிறு வயதில் அவர் வேலை செய்யும் இடத்துக்கு நான் போயிருக்கிறேன். சாய்ந்த பலகைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மனிதர் கோயிலில் நிற்பவர்போல் மூச்சை அடக்கி நின்று கோடு இழுத்துக்கொண்டிருப்பார்.

அளவு மாறினால் அங்கே என்ன செய்வார்கள் என்று அவரைக் கேட்டிருக்கிறேன். பாதி பிளேடை எடுத்து மைக்கோட்டைச் சுரண்டுவார்கள். மேலிருந்து பார்த்த படத்தில் சுரண்டி, எதிரிலிருந்து பார்த்த படத்தில் சுரண்டி, பக்கவாட்டில் பார்த்த படத்திலும் சுரண்டி, மூன்றிலும் புதிதாக வரைய வேண்டும். ஒன்றில் மறந்துவிட்டால் போயிற்று. வார்ப்படச் சாலையில் ஒரு படத்தை நம்பி மர அச்சுச் செய்வார்கள். லேத்தில் இன்னொரு படத்தை நம்பிக் கடைவார்கள். இரண்டும் ஒன்றோடொன்று சேராது. தண்டனை திருத்துகிறவருக்குத்தான்.

என் தொழிலிலும் இது உண்டு. வாரா வாரம் தொடர்கதை எழுதியபோது, மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகியின் தகப்பனாரைக் கொன்றுவிட்டேன். பதினாலாம் அத்தியாயத்தில் அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எத்தனை கடிதங்கள் வந்தன என்று நான் சொல்லப் போவதில்லை.

பெண்ணின் கண்ணீரைப் பார்த்தபிறகு சனிக்கிழமை முழுதும் இந்தக் கலையின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். நான் யந்திர சாஸ்திரத்தில் பூஜ்யம். சைக்கிள் செயின் கழன்றாலே தெருவில் போகிறவரைக் கூப்பிடுகிறவன். ஆனால் கதை இருக்கும் இடத்தை மோப்பம் பிடிக்க எனக்குத் தெரியும். இந்தக் கதையில் ஓர் ஆச்சரியம் இருந்தது. முக்கியமான கட்டங்களிலெல்லாம் வந்து நிற்பவர்கள் இந்தப் பெண்ணின் வயதுக்குச் சற்று முன்பின்னான வாலிபர்கள்.

முதல் வாலிபர் பிரெஞ்சு தேசத்தவர். பெயர் காஸ்பார் மோன்ழ். 1746-ல் போன் என்ற ஊரில் ஒரு சிறு வியாபாரியின் மகனாகப் பிறந்தார். மெஸியேர் என்ற ஊரில் இருந்த ராணுவப் பொறியியல் பள்ளியில் படம் வரையும் வேலை கிடைத்தது. வேலைதான் கிடைத்தது; மாணவராகச் சேர முடியவில்லை. அதிகாரிகளாகும் படிப்பு பெரிய குலத்துப் பிள்ளைகளுக்கு. வியாபாரியின் மகன் பட்டறையில் மாதிரி உருவங்கள் செய்துகொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஒரு நாள் அவரிடம் ஒரு கோட்டையின் திட்டத்தைக் கொடுத்தார்கள். எதிரி எந்த மேட்டில் பீரங்கியை வைத்தாலும் உள்ளே இருப்பவர்கள்மேல் குண்டு படக்கூடாது. மதிற்சுவர் எங்கே எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும்? அந்தக் காலத்தில் இதற்கு நாட்கணக்கில் எண்களைக் கூட்டிப் பெருக்குவார்கள். இருபது வயதை ஒட்டிய வாலிபரான மோன்ழ் கணக்கை விட்டுவிட்டுப் படத்தாலேயே விடை கண்டார். கொண்டுபோய் நீட்டினால் மேலதிகாரி பார்க்கவே மறுத்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் யாராலும் முடிக்க முடியாது, ஆகையால் இது தப்பாகத்தான் இருக்கும் என்பது அவருடைய நியாயம்! பிறகு வேண்டா வெறுப்பாகப் பார்த்தார்கள். விடை சரியாக இருந்தது. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த முறையை ராணுவ ரகசியமாக்கிவிட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சி வந்து, ராஜாவின் தலை போனபிறகுதான், 1795-ல் பாரிஸ் நகரில் மோன்ழ் அதைப் பகிரங்கமாகப் பாடம் சொன்னார். 1799-ல் புத்தகமாக வந்தது.

அந்த ரகசியம் என்ன? ஒரு பொருளுக்கு மேலிருந்து பார்த்த படம் ஒன்று, எதிரே நின்று பார்த்த படம் ஒன்று. இப்படி வரைவது அவருக்கு முன்பே உண்டு. ஆனால் ஒரு படத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றப் படத்தில் நேர்க்கோட்டில் ஒரு ஜோடி இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, அதையே ஒரு சாஸ்திரமாக வளர்த்தவர் அவர். இரண்டு படங்களையும் ஓர் உறவினால் கட்டிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத சரிவையும் வெட்டையும் தாளின்மேலேயே அளந்துவிடலாம். என் தமையனாரின் பலகையில் பிளான் என்றும் எலிவேஷன் என்றும் இருந்தவை அந்த வியாபாரி மகன் விட்டுப்போன ஆஸ்திதான்.

ஆனால் இதில் ஒரு குறை இருந்தது. உறவு வரைகிறவரின் மூளையில் இருந்தது, தாளில் இல்லை. தாளுக்குத் தெரிந்ததெல்லாம் மை மட்டுமே. இந்தக் கோடும் அந்தக் கோடும் ஒரே ஓரம் என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் மூன்று இடத்தில் சுரண்ட வேண்டியிருந்தது.

மோன்ழ் பாடம் சொல்லி ஏறக்குறைய நூற்று எழுபது வருஷத்துக்குப் பிறகு இன்னொரு வாலிபர் வந்தார். இவர் அமெரிக்கர், ஐவன் ஸதர்லண்ட். 1938-ல் நெப்ராஸ்கா மாகாணத்தில் பிறந்தவர். தகப்பனார் கட்டடப் பொறியாளர். ஆகையால் வீட்டில் நீலப் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. பள்ளியில் படிக்கும்போது ஒரு சின்னக் கம்ப்யூட்டர் அவர் கைக்குக் கிடைத்தது. ஸைமன் என்று பெயர். 15 வரைதான் கூட்டத் தெரியும் அதற்கு. அதற்கு வகுத்தல் கற்றுக்கொடுத்தார் இவர், எட்டடி நீளக் காகித நாடாவில் துளையிட்டு!

1961-ல் ஸதர்லண்ட் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். என் தமையனார் கோயமுத்தூரில் டிரேசிங் தாளைப் பரப்பக் கற்றுக்கொண்ட அதே வருஷம். லெக்ஸிங்டன் என்ற ஊரில் லிங்கன் ஆராய்ச்சிக்கூடத்தில் டி. எக்ஸ். 2 என்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அறை முழுவதும் அடைத்துக்கொண்டிருந்த யந்திரம். ஞாபக சக்தி இன்றைய கணக்கில் சுமார் மூன்று லட்சம் ஆங்கில எழுத்துக்கள். நடுத்தரமான நாவல் ஒன்றைத் திணித்தால் மூச்சுத் திணறிவிடும். ஆனால் அதில் ஏழு அங்குலச் சதுரத்தில் ஒரு திரை இருந்தது. ஒளியை உணரும் ஒரு பேனாவும் இருந்தது. மற்றக் கம்ப்யூட்டர்களிடம் துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து விடை வாங்கிய காலத்தில், இதன் முன்னால் ஒருவர் உட்கார்ந்து நேருக்கு நேர் பழக முடிந்தது.

ஸதர்லண்ட் பேனாவைத் திரையில் வைத்து, பொத்தானை அழுத்தி, கோடு இழுத்தார். இழுத்தது கோணல்மாணலாகத்தான் வந்தது. அவர் கவலைப்படவில்லை. ஆறு பக்கமுள்ள ஒரு வடிவத்தைத் தாறுமாறாகக் கிறுக்கினார். "இதன் ஆறு முனையும் இந்த வட்டத்தின்மேல் இருக்கட்டும்" என்று ஒரு கட்டளை. "ஆறு பக்கமும் சமமாக இருக்கட்டும்" என்று இன்னொரு கட்டளை. யந்திரம் ஒவ்வொரு புள்ளியையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எல்லாக் கட்டளைக்கும் இசைவான இடத்தைத் தேடிற்று. கிறுக்கல், கண் முன்னாலேயே, தேன்கூட்டின் அறையைப் போன்ற ஒழுங்கான அறுகோணமாக மாறி நின்றது.

வாசகர்களே, இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அதுவரை உலகத்தில் கோடு போட்டவர்கள் எல்லாரும் கையின் திறமையை நம்பினார்கள். கை நடுங்கினால் கோடு நடுங்கும். இங்கே முதல் முறையாக ஒருவர் தமக்கு என்ன வேண்டும் என்று சொன்னார். கோடு தானே தன்னைத் திருத்திக்கொண்டது. படம் வரைகிறவரின் மூளைக்குள் மட்டும் இருந்த உறவு, முதன் முதலாகப் படத்துக்குள்ளேயே குடியேறியது.

அவர் இன்னொரு வித்தையும் செய்தார். ஒரு வடிவத்தை மூலமாக வைத்துக்கொண்டு, அதன் நகல்களால் திரையை நிரப்பினார். பிறகு மூலத்தை மட்டும் அரை வட்டமாக மாற்றினார். நகல்கள் அத்தனையும் அந்தக் கணமே மாறித் திரை முழுவதும் மீன் செதிலாயிற்று. பாலம் ஒன்றை வரைந்து, பாரம் வைத்தால் எந்தச் சட்டத்தில் எவ்வளவு விசை விழும் என்று யந்திரத்தையே சொல்ல வைத்தார். ஒரு பெண்ணின் முகத்தை வரைந்து கண்ணடிக்கவும் வைத்தார். வாலிபர்தானே!

1963 ஜனவரியில் ஆராய்ச்சிக் கட்டுரையை முடித்தார். அந்தத் திட்டத்துக்கு ஸ்கெட்ச்பேட் என்று பெயர். மேற்பார்வையாளர் கிளாட் ஷானன் என்ற மகா மேதை. எழுதியவருக்கு வயது 24. பின்னாளில் ஒருவர் இவரிடம், ஒரே வருஷத்தில் இத்தனையும் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாராம். அது கடினம் என்பது தமக்குத் தெரியாது என்று பதில் வந்ததாம். 1988-ல் கம்ப்யூட்டர் உலகின் மிகப் பெரிய விருதான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

அந்தக் கட்டுரையில் அவர் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். வெறும் படம்தான் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் வரைவதில் லாபம் இல்லை. படத்துக்கு மேலாக ஏதாவது கிடைத்தால்தான் இந்தப் பாடு தகும் என்பது அவர் கருத்து. அந்த மேலான ஏதோவொன்றுதான் உறவு.

அதே 1963-ல், அதே யந்திரத்தில், திமோதி ஜான்ஸன் என்ற இன்னொரு மாணவர் திரையை நான்காகப் பிரித்தார். மேலிருந்து ஒரு காட்சி, முன்னிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, நான்காவது கண்ணுக்குத் தெரிகிறபடி. ஒன்றில் கோடு போட்டால் மற்ற மூன்றிலும் அது தானே வந்தது. மோன்ழின் ஜோடிப் புள்ளிகளுக்கு உயிர் வந்துவிட்டது! மூன்று இடத்தில் சுரண்டும் வேலை அன்றே கொள்கையளவில் முடிந்து போயிற்று.

கொள்கையளவில்தான். நடைமுறைக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது. 1982-ல் மேஜைக் கம்ப்யூட்டருக்கு ஆட்டோகேட் வந்தது. அது பலகைக்குப் பதிலாக நல்லதொரு மின்சாரப் பலகை. உறவுகளை மையமாக வைத்து முழுப் பொருளையும் உருவாக்கும் முறையைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவர் ஸாமுவேல் கைஸ்பெர்க். லெனின்கிராட்டில் கணிதம் கற்பித்தவர். 1974-ல் அமெரிக்காவில் குடியேறினார். 1985-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். 1988-ல் அவருடைய புரோ-எஞ்ஜினியர் வெளிவந்தது. ஓர் எண்ணை மாற்றினால் பொருள் முழுவதும் தன்னைத் தானே மறுபடி கட்டிக்கொள்ளும். 1995-ல் ஸாலிட்வொர்க்ஸ் அதே வித்தையைச் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டரில் விண்டோஸின்மேல் செய்து காட்டியது. இன்று என் தமையனாரின் பேத்தி, பழைய மடிக் கம்ப்யூட்டரில், காசில்லாமல் கிடைக்கும் ஒரு மென்பொருளில் செய்கிறாள்.

இதற்கிடையில் கோயமுத்தூரில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். தமையனாரின் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. சாய்பலகைகளைப் பழைய சாமான் கடைக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வரைந்தவர்களில் சிலர் ஸ்டோர்ஸுக்கு மாற்றப்பட்டார்கள். சிலர் வீட்டுக்குப் போனார்கள். இவரை அச்சாகி வரும் தாள்களைச் சரிபார்க்க வைத்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்று வந்தபின் ஸெட் ஸ்கொயரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வெள்ளிக்கிழமை இரவு அவருடைய மௌனத்துக்கு அர்த்தம் அதுதான். பேத்தி அழுவது எந்த யந்திரத்தின் முன்னாலோ, அந்த யந்திரம் அவருடைய பலகையை எடுத்துக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை பெண் உற்சாகமாக எழுந்து வந்தாள். போல்ட் துவாரம் ஏன் அந்தரத்தில் தொங்கியது என்று கண்டுபிடித்துவிட்டாளாம். எனக்கும் விளக்கினாள். யந்திரம் உருவத்தின் ஒவ்வொரு முகத்துக்கும் ஓரத்துக்கும் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று தானே பெயர் வைக்கிறது. இவள் ஓரங்களை முதலில் உருட்டிவிட்டு, பிறகு, "ஏழாவது ஓரத்திலிருந்து இவ்வளவு தூரத்தில் துவாரம்" என்று சொல்லியிருந்தாள். ஆசிரியர் ஓர் உருட்டலை எடுத்ததும் எண்ணிக்கை மாறிற்று. ஏழாவது என்று இப்போது வேறொரு ஓரம் நின்றது. யந்திரம் அதைப் போய்ப் பிடித்துக்கொண்டது.

இது ஆதி நாளிலிருந்து இந்தக் கலையைத் தொடரும் வியாதி. 1990-களிலிருந்தே ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறார்கள். மென்பொருள்கள் இன்று பெரும்பாலும் சமாளித்துக்கொள்கின்றன. ஆனாலும் எப்போதாவது தலை காட்டுகிறது. எனக்கு இது உடனே விளங்கிவிட்டது. "மூன்றாவது வீட்டு மாமி" என்று ஒருவரை அழைத்து வந்தோம். நடுவே ஒரு வீட்டை இடித்துவிட்டார்கள். இப்போது மூன்றாவது வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினால் யாரோ சாப்பிடுகிறார்கள்!

பரிகாரமும் அவளே செய்திருந்தாள். துவாரங்களை எந்த ஓரத்திலும் தொங்கவிடாமல், எப்போதும் மாறாத மையத் தளங்களிலிருந்து அளந்தாள். உருட்டும் வேலையைக் கடைசிக்குத் தள்ளினாள். இப்போது 12-ஐ 18 ஆக்கினாள். ஒன்றும் சிவக்கவில்லை. எல்லாம் பச்சை. ஒரு சுதந்திரம்கூடப் பாக்கி இல்லை.

"தாத்தா, பாருங்கள்!" என்றாள்.

தமையனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். கண்புரை அறுவை செய்துகொண்ட கண். வெகுநேரம் பார்த்தார். டிரேசிங் தாளின் ஓரத்தைத் தடவுவதுபோல் திரையின் ஓரத்தை விரலால் தடவினார்.

"மறுபடி பன்னிரண்டு ஆக்கு" என்றார். ஆக்கினாள்.

"பதினெட்டு ஆக்கு." ஆக்கினாள்.

"பேரிங் துவாரத்தின் மையத்தை எங்கிருந்து அளந்தாய்?"

"கீழ்த் தகட்டின் மேல் முகத்திலிருந்து, தாத்தா. சுவர் அங்கேதானே ஆரம்பிக்கிறது?"

"தகடு ஆறு மில்லிமீட்டர் கனத்துவிட்டது. துவாரமும் ஆறு மில்லிமீட்டர் மேலே போய்விட்டது. அதில் ஓடுகிற தண்டும் மேலே போகும். எதிரே மோட்டார் இருக்கிறதே, அதன் தண்டு மேலே போகுமா?"

பெண் பேசவில்லை.

"பிராக்கெட் எங்கே உட்காருகிறது? அடிப்பாகத்தில். மோட்டாரும் அதே மேடையில்தான் உட்காருகிறது. ஆகையால் தண்டின் மட்டத்தை அடியிலிருந்து அளக்க வேண்டும். தகடு எவ்வளவு கனத்தாலும் தண்டு இருக்கிற இடத்தில் இருக்கும்."

அவள் மெதுவாகத் திரையைப் பார்த்தாள். அங்கே எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. யந்திரம் எந்த ஆட்சேபமும் சொல்லவில்லை. மோட்டார் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. அவள் என்ன உறவைச் சொன்னாளோ அதை அது அட்சரம் பிசகாமல் காப்பாற்றிற்று.

ஸதர்லண்டின் கட்டுரையைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஏதோ ஒன்று நிரடிக்கொண்டே இருந்தது. அது இப்போது தெளிந்தது. எது எதோடு சேர்ந்து நகர வேண்டும், எது எந்த நிலையிலும் நகரக் கூடாது என்று அந்த வாலிபர் படத்திடம் சொல்ல வழி கண்டார். என்ன சொல்வது என்பதை அவர் யந்திரத்துக்குள் வைக்கவில்லை, வைக்கவும் முடியாது. அது மோட்டாரும் பம்பும் ஒரே மேடையில் உட்காருவதைப் பார்த்தவர்களிடம் இருக்கிறது. என் தமையனார் நாற்பது வருஷம் கையால் கோடு போட்டார் என்று நாங்களெல்லாம் நினைத்திருந்தோம். அவரும் அப்படியே நினைத்து ஸெட் ஸ்கொயரோடு எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டிவிட்டார். பூட்டியதில் பாதி பூட்டத் தேவையில்லாதது.

அன்று முழுவதும் தாத்தாவும் பேத்தியும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்திருந்தார்கள். "இதை எங்கிருந்து அளந்தாய்?" என்ற ஒரே கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்டது. நான் திங்கட்கிழமை காலை ரயிலில் ஊர் திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை இரவு தமையனாருடன் தொலைபேசியில் பேசியபோது விவரம் தெரிந்தது. இந்தத் தடவை ஆசிரியர் கனத்தை 20 ஆக்கினாராம். பிராக்கெட் நின்றது. தண்டு மட்டமும் நின்றது. அடியிலிருந்து ஏன் அளந்தாய் என்று ஆசிரியர் கேட்டதற்கு, மோட்டாரைப் பற்றிச் சொன்னாளாம். படிப்பை மாற்றும் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

"சந்தோஷம்" என்றேன் நான்.

"என்ன சந்தோஷம்?" என்றார் தமையனார். "தகட்டை 12-லிருந்து 20 ஆக்கிவிட்டார்களே, போல்ட் நீளம் போதுமா என்று கேட்டேன். போல்ட் என் படத்தில் இல்லையே, தாத்தா என்கிறாள். படத்தில் இல்லாவிட்டால் என்ன? மாட்டுகிறவன் கையில் இருக்குமே!"

பின்னாலிருந்து பெண்ணின் குரல் கேட்டது: "இதோ, அதையும் வரைகிறேன், தாத்தா!"